வெ என்று தொடங்கும் சொற்கள்

தேடல் பெட்டிக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. நான் வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஹட்டனுக்கு அருகே ஒரு பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடியிருப்புகள் பற்றிய பாடத்துக்குப் படம் எடுக்கலாம் என்று ஃபோனில் ‘லயம்’ என்று எழுதித் தேடினேன். மிருதங்கம் வந்தது. தாளம் போடக் கற்றுத்தரும் ஒரு பெரியவர் வந்தார். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் நீளும், நான் பிறந்து வளர்ந்த லயம் எவ்வளவு கீழே இழுத்தும் வரவில்லை. அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போய் நின்ற ‘பெரட்டு’ என்ற இடத்தைத் தேடினேன். ‘புரட்டு’ என்பதற்கான முடிவுகளைக் காட்டுகிறேன் என்றது. மலையில் வேலை வாங்கும் ‘கண்டாக்கு’ ஐயாவை அது பஸ் கண்டக்டர் ஆக்கிவிட்டது. எங்கள் சனங்கள் நாளெல்லாம் பேசும் சொற்கள் அந்தப் பெட்டிக்கு எழுத்துப்பிழைகள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மழை பெய்தால் எங்கள் பக்கம் சிக்னல் இழுத்து இழுத்துத்தான் வரும். நான் பாதி எழுதும்போதே பெட்டி தன் பங்குக்குச் சில வரிகளைக் கீழே தொங்கவிடும். அதில் வேண்டியதைத் தொடப் போனால், விரல் இறங்கும் நேரம் பார்த்து மேலே ஒரு வரி புதிதாக வந்து நுழைந்து எல்லாவற்றையும் கீழே தள்ளிவிடும். நான் தொட்டது ஒன்று, திறப்பது இன்னொன்று. ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அப்போது எல்லாருமாகச் சேர்ந்துதான் சிரித்தோம்.

எங்கள் பாடசாலைக்கு யாரோ வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தந்தார்கள். சுவரளவு திரை. அதை இயக்க ஒரு கணக்குத் திறக்க வேண்டும், கணக்குக்கு ஒரு ஃபோன் நம்பர் வேண்டும் என்றார் அதைச் சுவரில் பூட்ட வந்தவர். அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க நம்பரையே போட்டுருங்க டீச்சர். ஒங்களுக்குத்தான் இதெல்லாம் வெளங்கும்.”

போட்டேன். என் ஃபோனுக்கு ஒரு குறியீடு வந்தது. அதோடு ஏதோ ஒரு கேள்வியும் ஆங்கிலத்தில் வந்தது. ‘ஆம்’ என்பது அகலமான நீலப் பட்டையாக இருந்தது. ‘வேண்டாம்’ என்பது கீழே மங்கலான சாம்பல் எழுத்தில் இருந்தது. அதிபர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார். நான் நீலத்தைத் தொட்டேன். அன்றிலிருந்து என் ஃபோனும் அந்த போர்ட்டும் ஒரே ஆளாகிவிட்டன என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

இனி என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது சேலைக்கட்டுக்குக் கீழே, இடுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு முதுகில், தோளில், தொடையில். ஒவ்வொன்றும் ஒரு நாட்டு வரைபடம் போல ஓரம் வெட்டி வெட்டி விரிந்தது. முழங்கை வரை கை நீண்ட ரவிக்கைகளாகத் தைக்கக் கொடுத்தேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள லேடி டொக்டர் பார்த்தார். “போ வென்னே நே, டீச்சர்” என்றார். ஒட்டாது என்று அர்த்தம். அதை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அம்மாவைத் தவிர அந்தத் தோலை அதற்கு முன் தொட்டவர் எவருமில்லை.

எங்கள் பாடசாலையில் மூத்த தமிழ் டீச்சர் ஒருவர் இருந்தார். எங்கள் தேவாலயச் சபைக்காரர்தான். தன் தம்பிக்கு என்னைக் கேட்டார். தம்பி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்பவர். குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். அவர் அதிகம் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்ததும் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு போய் அடுப்படி வாசலில் வைத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அவரிடம் புள்ளிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

அம்மா விடவில்லை.

“சொன்னா கல்யாணம் நிக்கும். சொல்லாட்டி நடக்கும். அம்புட்டுத்தான்.”

“கட்டுன பெறகு பாத்தா என்னம்மா நெனப்பாரு?”

“கட்டுன பெறகு என்னத்தயும் நெனச்சிக்கட்டும். கழுத்துக்கு மேல ஒண்ணும் இல்லல்ல. நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்.”

வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் பெட்டியிடம் கேட்டேன். ரயிலில் உட்கார்ந்து, ஃபோனை மடியில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ‘வெண்புள்ளி பிள்ளைக்கு வருமா’ என்று எழுதினேன். ‘வெண்புள்ளி கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டுமா’ என்று எழுதினேன். பெட்டி என் சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘வெண்குஷ்டம்’ என்று தேட விரும்பினீர்களா என்று கேட்டது. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் எழுதியதில்லை. அதைத் தாண்டிக் கீழே உள்ள வரியைத் தொடப் போனபோது, வழக்கம்போல வரிகள் நகர்ந்து, விரல் அதன்மேலேயே விழுந்தது. உடனே திரும்பி வந்தேன். ஆனால் தொட்டது தொட்டதுதான். பெட்டி அதைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த வாரத்தில்தான் பத்தாம் தரத்துக்கு வெள்ளப்பெருக்குப் பாடம் வந்தது.

போர்ட்டுக்கு ஒரு தனிக் கீபோர்ட் உண்டு. அதன் ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டியிருந்தோம். பாதி தேய்ந்து போயிருந்ததால் குனிந்து தேடித் தேடித்தான் அடிக்க வேண்டும். வெள்ளப்பெருக்குப் படம் காட்டலாம் என்று குனிந்து ‘வ’ அடித்தேன். கொம்பைத் தேடி அடித்து ‘வெ’ ஆக்கினேன். ‘ள்’ எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பத்தாம் தரம் அப்படி அமைதியானால் நான் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் படத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முன் வரிசையில் ஒரு மாணவி. வாசிப்புப் போட்டியில் மாகாணம் வரை போனவள். அவள் வழக்கம்போல நிறுத்தி, நிதானமாக, தெளிவான குரலில் வாசித்தாள்.

“வெண்குஷ்டம். வெண்புள்ளி பிள்ளைக்கு வருமா. வெண்புள்ளி கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டுமா. வெண்புள்ளி மறைக்கும் கிரீம்.”

நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவில் திரையில் நின்றது. பட்டியலைப் போக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் என்டர் பட்டனைத் தட்டினேன். மேல் வரி ஏற்கெனவே கறுத்துத் தயாராக நின்றது. பெட்டி அதையே எடுத்துக்கொண்டு தேடியது. நான் கேட்டது வெள்ளம். வந்தது முதுகுகளும் மார்புகளும் கைகளும். யார் யாருடையவையோ. சுவரளவு திரையில், வெள்ளையும் கறுப்புமாக.

பின்னுக்குப் போகும் அம்புக்குறியைத் தட்டினேன். படங்கள் போயின. பெட்டிக்குள் அந்தச் சொல் மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். ஒரு எழுத்து அழிய அழிய அதன் கீழே பட்டியல் மறுபடி மறுபடி விரிந்தது. ‘வெ’ போய் ‘வ’ மட்டும் மிஞ்சியபோது ‘வட்டகொடை ரயில் நேரம்’ என்று ஒரு வரி முதலில் வந்து நின்றது.

“யாரோ தேடியிருக்காங்க,” என்றேன். “பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்தானே. எல்லாரும் பாவிக்கிறது.”

பின் வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

“வட்டகொடையிலருந்து டீச்சர் மட்டுந்தானே வர்றீங்க?”

சிரிப்பு வந்தது. அது பெரிய சிரிப்பு இல்லை. புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. நான் போர்ட்டை அணைத்துவிட்டு, சோக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஆற்றுப் படுக்கையை வரையத் தொடங்கினேன். கையை உயர்த்தினால் ரவிக்கையின் கை மேலேறும் என்பது அப்போதுதான் உறைத்தது. கையைத் தாழ்த்தி, பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் வரைந்தேன்.

இடைவேளைக்கு முன்னமே விஷயம் ஆசிரியர் அறைக்குப் போயிருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது எல்லாரும் கொப்பிகளைத் திறந்துகொண்டார்கள். தமிழ் டீச்சர் மட்டும் எழுந்து வந்தார்.

“ஒரு நிமிஷம் லேப் பக்கம் வாங்க.”

விஞ்ஞான அறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இழுத்து விட்டார்.

“காட்டுங்க,” என்றார்.

“டீச்சர், ஞாயித்துக்கெழம நானே சொல்லத்தான்...”

“அது இருக்கட்டும். காட்டுங்க.”

மறுத்திருக்கலாம் என்று இப்போது எல்லாரும் சொல்வார்கள். அந்த இடத்தில் நின்றால் தெரியும். அவர் எனக்கு நாத்தனாராக வரப்போகிறவர், பாடசாலையில் மூத்தவர், நானோ மறைத்தவள். ரவிக்கையின் கையைச் சுருட்டி மேலே ஏற்றினேன். போதாது என்று தலையசைத்தார். இடுப்புச் சேலையை விலக்கினேன். அவர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவது போலக் குனிந்து, கிட்டப் போய்ப் பார்த்தார். தொடவில்லை. ஃபோன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். என் முதுகுப் பக்கம் சுற்றி வந்தார்.

“இன்னும் எங்க இருக்கு?”

சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். “நல்ல வேள,” என்றார். அவ்வளவுதான் சொல்வார் என்று நினைத்தேன். கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்து, “நீங்க நல்ல பொண்ணுதான். இல்லன்னு சொல்லல. எங்க வீட்டுலயும் பொம்பளப் புள்ளைங்க இருக்கு, அத நெனச்சுப் பாக்கணுமில்ல,” என்றார்.

அன்று ரயிலில் முழு நேரமும் அந்த வரிகளை அழிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் கோடியிலும் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தது. கடுகு அளவு. அதைத் தொட்டால் அழியும். ரயில் ஆடிய ஆட்டத்தில் விரல் குறியில் படாமல் சொல்லில் பட்டது. பட்டதும் பெட்டி அதைத் திரும்பத் தேடியது. திரும்பத் தேடியதால் அந்த வரி மேலே ஏறிவிட்டது. அழிக்க அழிக்க அது எனக்கு மிகவும் வேண்டிய சொல் என்று பெட்டி நம்பத் தொடங்கியது. தலவாக்கலை தாண்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டினேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தவில்லை.

“நா வாயத் தொறக்காதன்னு சொன்னேன்.”

“நா வாயத் தொறக்கலம்மா.”

“அப்ப அந்த எழவுல போயி ஏன் எழுதுன? ஒடம்புல உள்ளத ஒடம்போட வச்சிருக்கத் தெரியாதா? இத்தன படிச்சும் புத்தி இல்லயே ஒனக்கு.”

பிறகு துருவிய தேங்காயைப் பிழிந்துகொண்டே அழுதார். அந்த அழுகை எனக்காக இல்லை. பக்கத்து இரண்டு லயங்களுக்கும் கல்யாணம் என்று சொல்லிவிட்டிருந்தார்.

தமிழ் டீச்சரின் தம்பி அந்த வாரக் கடைசியில் எனக்கு ஃபோன் எடுத்தார். ஹோட்டலில் பேசும் அதே மெல்லிய, பதமான குரல்.

“அக்கா சொன்னாங்க. நானும் நெட்ல தேடிப் பாத்தேன். ஒட்டாதுன்னுதான் போட்டிருக்கு.”

எனக்கு மூச்சு வந்தது. “ஆமாங்க. டொக்டரும் அப்படித்தான் சொன்னாங்க.”

“ஒண்ணு மட்டும் கேக்கணும். முகத்துக்கு வருமா?”

வராது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு. “தெரியாதுங்க,” என்றேன். “வந்தாலும் வரலாம். டொக்டரால சொல்ல முடியல.”

“இல்ல, எங்க தொழில் அப்படி. நாலு பேர் முன்னுக்கு நிக்கிறது. ஃபங்ஷனுக்கு வைஃபோட போகணும். அதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லங்க.”

“நீங்க நல்லா இருக்கணும்,” என்றார். ஹோட்டலை விட்டுப் போகும் விருந்தாளிகளையும் இப்படித்தான் வழியனுப்புவார் போலும். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நேரத்தோடு போய் போர்ட்டைத் திறந்து பார்த்தேன். நான் ரயிலில் அழித்த வரிகள் எல்லாம் அங்கே இருந்தன. முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் அழித்தது அழிந்துதான் இருந்தது. இவை புதியவை. நான் இல்லாத நேரத்தில் கூட வேலை செய்யும் டீச்சர்மார் அதே சொற்களைத் தாங்களே அடித்துப் பார்த்திருக்கிறார்கள். நான் எழுதாத கேள்விகளும் சேர்ந்திருந்தன. ‘வெண்குஷ்டம் தொட்டால் வருமா’. ‘வெண்குஷ்டம் ஒரே டொய்லட் பாவித்தால்’. யார் கேட்டது என்று பெட்டிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் என் பெயரிலேயே அது வைத்திருந்தது.

நான் அழித்தாலும் யாராவது மறுபடி அடித்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த போர்ட்டில் ‘வெ’ என்று யார் அடித்தாலும் அதுதான் வந்தது. சித்திர பாடத்துக்கு ‘வெசாக் கூடு’ என்ற காகித விளக்கைத் தேடினார்கள், வந்தது. மனைப் பொருளியல் டீச்சர் ‘வெங்காயம்’ தேடினார், வந்தது. ஒவ்வொரு முறையும் வகுப்பு திரும்பி, நடைபாதையில் நான் போகிறேனா என்று பார்த்தது.

மழைக்காலம் தொடங்கிய கையோடு என் உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஒரு சோற்றுப் பருக்கை அளவு. சாப்பிட்டது ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. பிறகு கண்ணிமையில். கைநீண்ட ரவிக்கைக்கு இனி வேலை இல்லை என்று ஆகிவிட்டது.

எங்கள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு கொடுப்பார்கள். டீச்சர்மார் முறை வைத்துப் பரிமாறுவோம். ஒரு நாள் அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“சாப்பாட்டு முறையில இருந்து ஒங்க பேர எடுத்துருக்கேன் டீச்சர். ரெஸ்ட் எடுங்க.”

“எனக்கு ரெஸ்ட் வேணாம் சார்.”

அவர் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். “ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். பெத்தவங்களுக்குத் தெரியாதே. மூணு நாலு பேர் வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

“அப்ப அவங்களுக்குச் சொல்லுவோம் சார். பெற்றோர் கூட்டம் வருதே. போர்ட்டுலயே தேடிக் காட்டுறேன்.”

“அந்த போர்ட்டுல இனி ஒண்ணும் தேட வேணாம் டீச்சர்.”

ஆனால் கூட்டத்தன்று அவர் தடுக்கவில்லை. கல்விக் காரியாலயத்திலிருந்து ஒருவர் வந்திருந்ததால், அவர் முன்னால் தடுக்க மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அரை நாள் வேலையோடு இறங்கி வந்த தாய்மார், டவுனில் கடைகளில் நிற்கும் தகப்பன்மார், நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். நான் எழுந்து போனேன்.

“என் மொகத்துல இருக்கிறது என்னன்னு நீங்கள்லாம் கேட்டிருக்கீங்க. நானே சொல்லுறேன்,” என்றேன். “இது தோல்ல நிறம் போறது. வேற ஒண்ணுமில்ல. ஒட்டாது. நா சொன்னா நம்ப மாட்டீங்க. வாசிச்சுப் பாருங்க.”

குனிந்து ‘வெண்புள்ளி ஒட்டுமா’ என்று முழுவதையும் எழுதினேன். பெட்டி அதை ‘வெண்குஷ்டம் ஒட்டுமா’ என்று திருத்திக்கொண்டு தேடியது. முதலில் வந்தது ஒரு எண்ணெய் விளம்பரம். அடுத்தது ஒரு வீடியோ, அதில் ஒருவர் விரலில்லாத கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அது தொழுநோய். அடுத்தது சிங்களத்தில் ஏதோ மருந்துக் கடை. எனக்கு வேண்டிய வாக்கியம் எங்கோ கீழே இருந்தது என்று தெரியும், பலமுறை அதை வாசித்திருக்கிறேன். கீழே இழுத்தேன். நடுவில் விளம்பரம் வந்து பக்கத்தை நகர்த்தியது. சனம் ஒவ்வொரு படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கண்டுபிடித்தேன். ‘இது தொற்றுநோய் அல்ல.’ பெரிதாக்கிக் காட்டினேன். எல்லாரும் வாசித்தார்கள்.

சுவரோரம் நின்ற ஒரு தாய் கேட்டார். கொழுந்துக் கறை படிந்த விரலை நீட்டித் திரையைக் காட்டித்தான் கேட்டார்.

“மேல ஒருத்தருக்கு விரல் இல்லாம இருந்துச்சே டீச்சர். அது?”

“அது வேற நோவு. பெட்டி மாத்திக் காட்டுது.”

“மாத்திக் காட்டுற பெட்டி சொல்லுறத எப்படி நம்புறது?”

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. நியாயமான கேள்வி. அதிபர் எழுந்து, நேரமாகிறது, அடுத்த விஷயத்துக்குப் போவோம் என்றார். சாப்பாட்டு முறையில் என் பெயர் திரும்ப வரவில்லை. இன்றுவரை இல்லை. பகல் மணி அடித்ததும் மற்ற டீச்சர்மார் கரண்டி எடுக்கப் போகிறார்கள், நான் நூலகத்தில் போய் உட்காருகிறேன். சின்னப் பிள்ளைகள் வாசல் வரை வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் உள்ளே தள்ளி விளையாடுகிறார்கள். உள்ளே விழுந்தவன் தோற்றவன்.

அதே வருடம் தமிழ் டீச்சரின் தம்பிக்குக் கல்யாணம் ஆனது. பெண் கண்டிப் பக்கம். தமிழ் டீச்சர் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் அழைப்பிதழ் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். கொடுக்காமல் விட்டால் அது பேச்சாகும். நான் வரமாட்டேன் என்று நம்பித்தான் கொடுத்தார். போக வேண்டாம் என்று அம்மா சொன்னார். போனேன்.

கை குட்டையான ஒரு ரவிக்கையைத் தைக்கக் கொடுத்தேன், தோளோடு நிற்கும் கை. அதைப் போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனேன். குளிர் எலும்பைத் தொட்டது. மண்டபத்தில் எங்கள் பாடசாலைக்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் கைப்பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். மணமக்கள் மேசை மேசையாக வந்தார்கள். அவர் என்னைக் கண்டார். அந்த மெல்லிய குரலிலேயே “வந்ததுக்கு சந்தோஷம்” என்றார். பெண் அழகாக இருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

தமிழ் டீச்சர் ஒரு கூடையில் கேக் துண்டுகள் கொண்டு வந்தார். வெள்ளிக் கடதாசியில் சுற்றி, நாடா கட்டிய சின்னத் துண்டுகள். ஒவ்வொருவர் கையிலும் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது நான் நீட்டிய கையைத் தாண்டி, மேசை விளிம்பில் ஒன்றை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

நான் அதை எடுத்துப் பிரித்தேன். மற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே சாப்பிட்டு முடித்தேன். பிறகு எழுந்து, இரண்டு மேசை தள்ளி நின்ற தமிழ் டீச்சரிடம் போனேன். சுற்றிலும் அவர்கள் சொந்தக்காரர்கள், பாஸ்டர், ஹோட்டல் முதலாளி எல்லாரும் இருந்தார்கள்.

“டீச்சர், அம்மாவுக்கு ஒண்ணு குடுங்க,” என்று சொல்லி உள்ளங்கையை நீட்டினேன். தோள் வரை திறந்திருந்த கை. நீட்டினால் முழுவதும் தெரியும்.

அவர் சுற்றிப் பார்த்தார். வைக்கப் பக்கத்தில் மேசை இருக்கவில்லை. ஒரு துண்டை நுனி விரல்களால் எடுத்து என் கைக்கு மேலே பிடித்தார். விழவிட்டால் தரையில் விழும். நான் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். கடைசியில் அவர் விரல்கள் என் உள்ளங்கையைத் தொட்டன.

“தாங்ஸ் டீச்சர்,” என்று அவர் விரல்களை ஒரு தரம் சேர்த்துப் பிடித்து விட்டேன். பிறகு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, அவர் கைகழுவும் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையையும் கையில் எடுத்துக்கொண்டே போனார். மிச்சக் கேக்கை யாருக்கும் கொடுக்கவில்லை.